பல்லும் கிட்டத்தட்டத்தான்

என் வீட்டு சோபாவில ஒரு பள்ளம் இருக்கு. என் தம்பி படுத்துப் படுத்து விழுந்த பள்ளம் அது. "காலேஜ் உன் வீட்டுக்குப் பக்கம்க்கா, கொஞ்ச நாளைக்கு இருந்துக்கிறேன்"னு ஒரு பையோட வந்து நின்னான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியல. வீட்டுக்கு வர்றவங்களை நான் சமையலறை ஸ்டூல்ல உட்கார வெச்சுத்தான் பேசறேன்.

அவனுக்கு நான் வெச்ச பேரு கிட்டத்தட்ட. என்ன கேட்டாலும் அவன் வாயில இருந்து வர்றது அந்த ஒரே வார்த்தைதான்.

"டேய், அசைன்மென்ட் முடிச்சாச்சா?"

"கிட்டத்தட்ட அக்கா."

"குளிச்சாச்சா?"

"கிட்டத்தட்ட."

குளிக்கிறதுல கிட்டத்தட்ட எங்கேருந்துடா வரும்? தண்ணி மேல பட்டிருக்கணும், இல்ல படாம இருக்கணும். நடுவுல என்ன இருக்கு? கேட்டா தோள்ல கிடக்கிற துண்டைத் தொட்டுக் காட்டுவான், ஏதோ பாதி வேலை ஆயிட்ட மாதிரி.

அவன் படிக்கிறது கம்ப்யூட்டர். ப்ரோக்ராம் எழுதுற பாடம் ஒண்ணு இருக்கு, அதுல ஏற்கெனவே ரெண்டு தடவை மண்ணைக் கவ்வியாச்சு. எழுதத் தெரியாம இல்ல, எழுதிக் கொடுக்காம. இது மூணாவது தடவை. இதுலயும் போச்சுன்னா பேரை அடிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எந்த வீட்டுக்கு? என் வீட்டுக்கு, அந்தப் பள்ளத்துக்கு. அதுக்கப்புறம் அவன் அங்கேயே கிடந்து, "வேலை தேடிட்டியாடா"ன்னா "கிட்டத்தட்ட"ன்னுட்டு, தலை நரைச்சுப் போயிருப்பான். எரிச்சல்ல சொல்றேன்னு நினைக்காதீங்க. கூடப் பிறந்தவன், புத்திசாலி வேற, எதையும் முடிக்காமயே போயிடுவானோங்கிற பயம்தான்.

ஆனா இந்த வருஷம் அதிசயமா அசைன்மென்ட் எல்லாத்துலயும் முழு மார்க். புரொபசர் ஒரு சோதனை ப்ரோக்ராம் செஞ்சு வெச்சிருந்தாராம். பசங்க எழுதினதை அதுக்குள்ள போட்டா, அதுவே கேள்வி கேட்டு, பதில் சரியா இருந்தா பச்சை விளக்குக் காட்டும். தம்பிக்கு எல்லாமே பச்சை. நானும் பூரிச்சுப் போய் ஃபோன் பண்ணி அம்மாகிட்ட சொன்னேன். அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டாங்க.

கடைசி அசைன்மென்ட் மட்டும் வேற மாதிரி. நிஜமா ஒரு வேலை நடக்கிற இடத்துல ப்ரோக்ராமை ஓட விடணும், புரொபசர் நேர்லயே வந்து பாத்து மார்க் போடுவார். தம்பி என்கிட்ட வந்து தலையைச் சொறிஞ்சான். நான் ஒரு பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கிறேன். வர்றவங்க பேரைக் கேட்டு, உட்கார வெச்சு, முறைப்படி உள்ள அனுப்புறது என் வேலை. டாக்டர் நல்ல மனுஷர்தான். என்ன, ஒரு பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடி ரெண்டு டீ குடிக்கணும், பிடுங்கின பின்னாடி ஒரு டீ குடிக்கணும்.

"ஒரு நாள் கம்ப்யூட்டர் பேரைக் கேட்கட்டும் டாக்டர், நான் பக்கத்துலயே இருக்கேன்"னு கெஞ்சினேன்.

"எனக்கு வேலை கூடிடாதே?"ன்னு கேட்டார்.

"கூடாது டாக்டர்."

"அப்ப சரிம்மா"ன்னுட்டார்.

அந்த நாளும் வந்துச்சு. மேஜை மேல திரையை வெச்சு, விசைப்பலகையை வர்றவங்க பக்கமாத் திருப்பி வெச்சான் தம்பி. "எல்லாம் ரெடியாடா?"ன்னேன். சொல்லணுமா? "கிட்டத்தட்ட"ன்னான். அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும்.

முதல்ல வந்தது எங்க தெரு முனை ரொட்டிக் கடைக்காரர். ஒரு பக்கக் கன்னம் வீங்கிப் போய், கர்சீப்பை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணியோட வந்தார். ஒத்தை விரலால பேரைத் தட்டினார். திரையில வரி வரியா வந்துச்சு.

பதிவு முடிந்தது.
காத்திருப்பு முடிந்தது.
சிகிச்சை முடிந்தது.
நன்றி.

ரொட்டிக் கடைக்காரர் அதை ரெண்டு தடவை படிச்சார். "முடிஞ்சுதா?"ன்னு என்னைப் பாத்தார்.

"ஐயையோ, இல்லைங்க, உட்காருங்க, இது ஏதோ..."

அவர் கன்னத்துல இருந்து கையை எடுத்தார். வாயைத் திறந்து மூடினார். நாக்கை உள்ள சுழட்டினார். "அட! வலிக்கலையே!"ன்னார். "பரவாயில்லையே, ஊசி போட்டதே தெரியலம்மா!" சொல்லிட்டு விறுவிறுன்னு கடையைத் திறக்கப் போயிட்டார்.

வீங்கின கன்னம் வீங்கினபடிதான் போகுது, ஆனா சிரிச்சுக்கிட்டுப் போகுது!

அடுத்து ஒரு அம்மா, அழுது புரண்ட சின்னப் பொண்ணைத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்தாங்க. பொண்ணு பேரைத் தட்டினதும் சிகிச்சை முடிந்தது. பொண்ணு கை தட்டிக் குதிச்சுது. அந்த அம்மா, "பாத்தியா, இதுக்குப் போயா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"னு அதைத் திட்டிக்கிட்டே கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் ஒரு பஸ் டிரைவர். அவருக்கும் முடிஞ்சுது. ஒவ்வொருத்தரையும் நான் கையைப் பிடிச்சு இழுக்காத குறை. "கம்ப்யூட்டரே சொல்லுது, உங்களுக்கு என்னம்மா?"ன்னு என் மேலயே எரிஞ்சு விழுறாங்க.

ஓடிப் போய் டாக்டர்கிட்ட சொன்னேன். வெளிய வந்து எட்டிப் பாத்தார். ஹால் காலி. "இத்தனை பேருக்குமா பாத்துட்டேன்?"ன்னு திரையைப் பாத்து ஆச்சரியப்பட்டார். கையை நீட்டி, மடக்கி, "அதான் தோள்பட்டை வலிக்குது"ன்னு சொல்லிட்டு உள்ள போய் டீ சொல்லி அனுப்பினார்.

தம்பியைத் தேடினேன். மூலையில உட்கார்ந்து பிஸ்கெட் தின்னுக்கிட்டிருந்தான். காதைப் பிடிச்சுத் தூக்கினேன்.

"என்னடா எழுதி வெச்சிருக்க?"

அப்பதான் உண்மை வெளிய வந்துச்சு. ப்ரோக்ராமைச் சின்னச் சின்ன வேலையாப் பிரிச்சு எழுதுவாங்களாம். பேரைப் பதியறது ஒரு வேலை, வரிசையில வைக்கிறது ஒரு வேலை, உள்ள அனுப்புறது ஒரு வேலை. ஐயா என்ன பண்ணியிருக்கார்னா, ஒவ்வொரு வேலைக்கும் பேரை மட்டும் எழுதி, உள்ள ஒரே ஒரு வரி போட்டிருக்கார். யார் என்ன கேட்டாலும் 'முடிந்தது'ன்னு சொல்லிடுன்னு ஒரு வரி. பக்கத்துல தனக்குத்தானே ஒரு குறிப்பு: 'உள்ள இருக்கிறதை அப்புறம் எழுதிக்கலாம்.'

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்க்கா. முதல்ல ஒண்ணுலதான் போட்டேன். பச்சை வந்துச்சு. சரி, இப்பப் பச்சை வந்திருச்சே, அப்புறம் பாத்துக்கலாம்னு..."

"அப்ப வருஷம் பூரா நீ எழுதினது?"

"முடிந்ததுன்னு எழுதினேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பிஸ்கெட்டைப் பிடுங்கி நானே தின்னுட்டேன். திரையை அணைக்கப் போனா, வாசல்ல புதுசா ஒரு கூட்டம். 'காத்திருக்கவே வேண்டாம், வலியே இல்ல'ன்னு ரொட்டிக் கடைக்காரர் கடையில நின்னுக்கிட்டு ஊர் பூராவும் சொல்லியிருக்கார். பல் வலி இல்லாதவங்ககூட ஒரு தடவை பேரைத் தட்டிட்டுப் போனாங்க.

மத்தியானம் வரைக்கும்தான் அந்தக் கூத்து. அதுக்கு மேல வலிக்கே பொறுமை போயிடுச்சு போல. அப்புறம் பாத்துக்கலாம்னு ஒதுங்கி நின்ன வலியெல்லாம் ஒண்ணா சேர்ந்து திரும்பி வந்துச்சு. முதல்ல பஸ் டிரைவர் பஸ்ஸை எங்க வாசல்லயே நிறுத்திட்டு இறங்கி ஓடி வந்தார். பஸ்ஸுல இருந்தவங்கள்ல மூணு பேரும் பின்னாடியே வந்தாங்க. அவங்களும் காலையில தட்டினவங்கதான். சின்னப் பொண்ணு, அதோட அம்மா, எல்லாருக்கும் பின்னாடி ரெண்டு கன்னமும் வீங்கின ரொட்டிக் கடைக்காரர்.

ஆளாளுக்கு மறுபடி பேரைத் தட்டுறாங்க. அது அசையவே இல்ல. சிகிச்சை முடிந்தது. நன்றி.

"எங்கம்மா முடிஞ்சுது? இங்க பாருங்க!"ன்னு ரொட்டிக் கடைக்காரர் என் மூஞ்சிக்கு நேரா வாயைப் பிளந்தார். கடைவாய்ப் பல்லு வரைக்கும் பாத்தேன். முடியல.

அந்த நேரம் பாத்துத்தான் புரொபசர் உள்ள வந்தார். ஒல்லியான மனுஷர், தோள்ல தொங்குற பை, தாடையில ஒரு கை. கூட்டத்தைப் பாத்ததும் முகமெல்லாம் மலர்ச்சி. "இத்தனை பேர் பயன்படுத்துறாங்களா? நானே ஒரு தடவை பாத்துடறேன்"னு எல்லாரையும் விலக்கிட்டுப் போய்த் தன் பேரைத் தட்டினார்.

"சார், வேண்டாம் சார்"னான் தம்பி. அதுக்குள்ள முடிந்தது.

புரொபசர் தாடையில இருந்து மெதுவாக் கையை எடுத்தார். "என்னப்பா இது? ரொம்ப நாளா இருந்த வலி. விடைத்தாள் திருத்தி முடிக்கட்டும், லீவு வரட்டும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். காணோமே! அருமை! அருமை!" தம்பி முதுகுல ஒரு தட்டுத் தட்டி, பையில இருந்து மார்க் போட லேப்டாப்பை எடுத்தார். எனக்கு ஒரு நொடி சோபா காலியான மாதிரியே தெரிஞ்சுது.

ஆனா அவர் ஏற்கெனவே அளவுக்கு மேல தள்ளிப் போட்டவர். அவர் வலிக்கு மத்தவங்க வலி மாதிரி அரை நாள் காத்திருக்கிற பொறுமை இல்ல. லேப்டாப்பைத் திறக்கிறதுக்குள்ள 'அம்மா!'ன்னு அலறி, மேஜையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே கீழ உட்கார்ந்துட்டார். உட்கார்ந்தபடியே தம்பி ப்ரோக்ராமைத் திறந்து பாத்தார். ஒரு வரி. இன்னொரு வரி. 'அப்புறம் எழுதிக்கலாம்.' 'அப்புறம் எழுதிக்கலாம்.' எல்லாத்தையும் சத்தமாப் படிச்சார். தம்பி திருதிருன்னு முழிச்சான்.

"நல்லாக் கேட்டுக்க"ன்னார் பல்லைக் கடிச்சுக்கிட்டு, உடனே வலியில கடிக்கிறதை விட்டுட்டு. "டாக்டர்கிட்ட பல்லைக் காட்டிட்டு நான் வெளிய வர்றதுக்குள்ள, நிஜமா வேலை செய்யிற ப்ரோக்ராம் ஒண்ணு இந்தத் திரையில ஓடணும். இல்லன்னா உன் காலேஜ் படிப்பு முடிஞ்சுது. இது நிஜமான முடிஞ்சுது."

அவர் நேரா டாக்டர் கதவைப் பாத்து நடந்தார். நான் குறுக்க போய் நின்னேன். "சார், வரிசைன்னு ஒண்ணு இருக்கு. காலையில வந்தவங்க முதல்ல."

தம்பிக்காக மட்டும் சொல்லல. வரிசைன்னா வரிசைதான். புரொபசர் கடைசி நாற்காலியில போய் உட்கார்ந்தார். டாக்டரோட டீ டம்ளரைப் பிடுங்கி வெச்சுட்டு, ஒவ்வொருத்தரா உள்ள அனுப்ப ஆரம்பிச்சேன். தம்பி என் கால்மாட்டுல தரையில உட்கார்ந்து தட்ட ஆரம்பிச்சான்.

"அக்கா, ஒருத்தர் வந்தா நீ முதல்ல என்ன பண்ணுவ?"

"பேரைக் கேட்பேன். எங்க வலி, எவ்வளவு வலின்னு கேட்பேன்."

"அப்புறம்?"

"இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்ன, வரிசையில உன்னையும் சேர்த்துடுவேன். பல்லைப் பேத்துட்டு."

அவன் சிரிக்கல. நெத்தியில வேர்வை, நாக்கு ஓரமா வெளிய துருத்திக்கிட்டு, சின்ன வயசுல கட்டை அடுக்கி வீடு கட்டுவானே, அந்த மூஞ்சி. அதையும் கூரை போடுறதுக்கு முன்னாடி விட்டுட்டுப் போயிடுவான். கூரையை நான்தான் போடுவேன். இந்தத் தடவை என்னால போட முடியாது, எனக்கு ஒரு எழவும் தெரியாது.

ரொட்டிக் கடைக்காரர் அவன் தலைக்கு மேல வந்து நின்னார். "முடிஞ்சுதா தம்பி?"

அவன் நிமிர்ந்தான். "கிட்ட..."ன்னு வாய் தானா ஆரம்பிச்சுது. ரெண்டு பக்கமும் வீங்கின அந்த மூஞ்சியைப் பாத்தான்.

"இன்னும் இல்லைங்க"ன்னான்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. பிறந்ததுல இருந்து அவன் வாயில இருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதில்ல. ரொட்டிக் கடைக்காரர் அடிக்கப் போறார்னு நினைச்சேன். அவர், "சரிப்பா"ன்னுட்டுப் போய் உட்கார்ந்தார். இவ்வளவுதானா? இதைச் சொல்றதுக்காடா இத்தனை வருஷம் எங்க உசுரை வாங்கின?

ஹால்ல மூணே பேர் பாக்கி இருக்கும்போது தம்பி புரொபசர் பேரைத் தட்டினான். திரையில புதுசா ஒரு வரி வந்துச்சு: உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். காத்திருக்கவும். புரொபசர் எழுந்து வந்து அதைப் படிச்சார். முன்னால இருந்தவங்களை எண்ணிப் பாத்தார். ரெண்டு பேர்தான். திரும்பிப் போய் நாற்காலியில காத்திருந்தார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தூசின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

புரொபசர் முறை வந்தப்ப டாக்டர் களைச்சுப் போயிருந்தார். அன்னைக்கு நிஜமாவே வேலை பாத்தவராச்சே! "இதுக்கு உள்ள வேலை நிறைய இருக்கு சார். இப்போதைக்குச் சும்மா மேல அடைச்சு விடறேன். மீதியை அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்லி அனுப்பிட்டார்.

மரத்துப் போன வாயோட வெளிய வந்த புரொபசர், தம்பியோட புது ப்ரோக்ராமைத் தன் சோதனை ப்ரோக்ராமுக்குள்ள போட்டார். மார்க் அது வழியாத்தான் ஏறுமாம். சிவப்பு விளக்கு. சைபர்.

"சார்?"னான் தம்பி.

மறுபடி போட்டார். சைபர். ரெண்டு பேரும் குனிஞ்சு அந்தச் சோதனை ப்ரோக்ராமைத் திறந்து பாத்தாங்க. எனக்கே புரிஞ்சுது, ஏன்னா அதுலயும் ஒரே வரிதான் இருந்துச்சு. 'முடிந்தது'ன்னு பதில் வந்தால் பச்சை. வேற எது வந்தாலும் சிவப்பு. பக்கத்துல புரொபசர் தனக்கே எழுதி வெச்ச குறிப்பு: 'மீதியை லீவுல எழுதணும்.'

புரொபசர் காது சிவந்துடுச்சு. பஞ்சு வெச்ச வாயால கொழகொழன்னு சொன்னார், "ஒண்ணு பண்ணு. பழசையே அனுப்பிடு. பச்சை வரும். நானும் எதையும் பாக்கல."

"அனுப்புடா!"ன்னேன் நான். எனக்கு என் சோபா வேணும், சாமி.

தம்பி ரொட்டிக் கடைக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பாத்தான். "இல்ல சார். இது ஓடுது. நான் முழுசா எழுதின முதல் ப்ரோக்ராம் இதுதான். இதுக்குத்தான் மார்க் வேணும்."

"அப்ப சோதனையை நான் சரி பண்ற வரைக்கும் உனக்கு சைபர்தான்."

"எப்ப சார் பண்ணுவீங்க?"

"மார்க் பட்டியலை மூடுறதுக்குள்ள"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அதுக்கப்புறம் தம்பி காலையில முதல் ஆளா எழுந்து, நிஜமாவே குளிச்சுட்டு, புரொபசர் அறை வாசல்ல போய் நின்னான். தினமும் நின்னான். சாயங்காலம் வந்து சோபாவில விழுவான், மூஞ்சி செத்துப் போயிருக்கும். நாளைக்கு மார்க் பட்டியலை மூடப் போறாங்கங்கிற அன்னைக்கு வந்து, படுக்காம, நுனியில உட்கார்ந்தான்.

"என்னடா சொல்றார்?"

"கிட்டத்தட்டன்னு சொல்றார்க்கா."

நான் அவன் பக்கத்துல போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அப்படின்னா என்ன அர்த்தம்?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு அர்த்தம்டா."

அவன் ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிட்டான். "எத்தனை தடவை உன்கிட்ட சொல்லியிருக்கேன்"னான் கைக்குள்ள இருந்து. எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, நல்லா வேணும்னும் இருந்துச்சு. முதுகைத் தடவிக் கொடுத்தேன். கொஞ்சம் பலமாவே தட்டினேன்னு வெச்சுக்குங்க.

மறுநாள் காலையில டாக்டர் கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ஃபோன் அடிச்சுது.

"அம்மா, நான்தான், புரொபசர். அடைச்சது பெயர்ந்துடுச்சு. உசுரு போகுது. டாக்டரைப் பாக்கணும், உடனே நேரம் கிடைக்குமா?"

"வாங்க சார், பாத்துடலாம். அந்தச் சோதனை ப்ரோக்ராம் முடிஞ்சுதா?"

"அது வந்து... கிட்டத்தட்ட..."

"அப்படியா சார்? உங்க நேரமும் கிட்டத்தட்ட ரெடிதான்."

அரை மணியில ஆளே வந்துட்டார். ஒரு கையில லேப்டாப், ஒரு கையில கன்னம். அன்னையில இருந்து எங்க மேஜையிலயே ஓடிக்கிட்டிருந்த தம்பியோட ப்ரோக்ராம்ல தானே பேரைத் தட்டினார். எங்க வலின்னு கேட்டுது. எவ்வளவு வலின்னு கேட்டுது. உங்களுக்கு முன்னால் நான்கு பேர் இருக்கிறார்கள், காத்திருக்கவும்னு சொல்லுச்சு. என்னை ஒரு பார்வை பாத்தார். நான் பேனாவை மூடி மூடித் திறந்தேன். பெஞ்சுல உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில வெச்சு, ஒத்தைக் கையால தட்ட ஆரம்பிச்சார். நான் ஃபோன் போட்டு வரவெச்ச தம்பி பக்கத்துல போய் உட்கார்ந்து, அவர் தேடுற எழுத்தையெல்லாம் எடுத்துக் கொடுத்தான்.

தையல் பிரிக்க வந்து வரிசையில அவருக்கு முன்னாடி இருந்த ரொட்டிக் கடைக்காரர் எட்டிப் பாத்து, பழக்க தோஷத்துல, "முடிஞ்சுதா சார்?"னு கேட்டார்.

புரொபசர் வாயைத் திறந்தார். தம்பி அவர் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தான். நானும்தான்.

"இன்னும் இல்லைங்க"ன்னார்.

நான் எழுந்து போய் ரொட்டிக் கடைக்காரர் காதுல ஒரு வார்த்தை கேட்டேன். அவர் தலையாட்டினார். திரும்பி வந்து திரையில புரொபசர் பேரை ஒரு இடம் முன்னாடி நகர்த்தினேன். தம்பி ப்ரோக்ராம் மறுபேச்சு பேசாம நகர்த்திக் கொடுத்துச்சு.